கனச்சதுரத்தைப் படத்தில் எண்ண முடியாது: தொடக்க வகுப்பில் முப்பரிமாண வடிவங்களைக் கைகளால் கற்பித்தல்

பாடப்புத்தகத்தில் வரைந்திருக்கும் கனச்சதுரத்தை ஒரு குழந்தையிடம் காட்டி, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். முகங்கள் 3, விளிம்புகள் 9, முனைகள் 7 என்று வரும். எண்ணியதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் தேர்வில் எழுத வேண்டிய விடை 6, 12, 8. கண் சொல்வது ஒன்று, கேள்வித்தாள் கேட்பது வேறொன்று. இந்த இடைவெளியைத் தாண்ட அந்தக் குழந்தைக்கு இருக்கும் ஒரே வழி மனப்பாடம். போதாததற்கு, "எல்லா முகமும் சதுரம்" என்று படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால், மூன்று முகங்களில் இரண்டு சாய்ந்த இணைகரங்களாக நிற்கின்றன.

அதனால்தான் செய்து கற்பது இந்தப் பாடத்துக்கு அவசியமாகிறது. ஆனால் பெட்டிக்கு வண்ணத்தாள் ஒட்டுவதும் உருளையில் பொம்மை செய்வதும் கைவேலை வகுப்பாகவே முடிந்துவிடுகின்றன. வடிவத்தைப் பற்றி அவை எதுவும் கேட்பதில்லை. ஒரு செயல்பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டைப் பார்க்க வேண்டும். படத்தால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி அதில் இருக்கிறதா? செய்யத் தொடங்கும் முன் குழந்தை தன் ஊகத்தைச் சொல்ல இடம் இருக்கிறதா? கீழே உள்ள செயல்பாடுகள் எல்லாம் இந்த இரண்டையும் வைத்தே எடுக்கப்பட்டவை.

முதலில் சொற்கள்

தமிழில் இந்தப் பாடத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: "பக்கம்" என்ற சொல். சதுரத்துக்கு 4 பக்கம் என்று ஒன்றாம் வகுப்பில் சொல்லித் தருகிறோம். அங்கே பக்கம் என்றால் கோடு. அடுத்த ஆண்டு கனச்சதுரத்துக்கு 6 பக்கம் என்கிறோம். இங்கே பக்கம் என்றால் பரப்பு. கனச்சதுரத்துக்கு எத்தனை பக்கம் என்று கேட்டால் சில குழந்தைகள் 12 என்பார்கள். முதலில் கற்ற பொருளில் அது சரியான விடை. ஆகவே கன வடிவத்தைப் பற்றிப் பேசும்போது "பக்கம்" என்ற சொல்லை வகுப்பறையிலிருந்து முழுதாக விலக்கிவிடுவது நல்லது.

1. முகம்: கன வடிவத்தின் தட்டையான பரப்பு. மேசைமேல் வைத்தால் ஆடாமல் ஒட்டி நிற்கும் இடம்.
2. விளிம்பு: இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு. விரலை ஓட்டினால் கூராகத் தட்டுப்படும்.
3. முனை: விளிம்புகள் வந்து கூடும் புள்ளி. "உச்சி" என்றும் எழுதுவார்கள். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் குழந்தை மேலே இருப்பதை மட்டும் எண்ணிவிட்டுக் கீழே உள்ள நான்கை விட்டுவிடக்கூடும். தொடக்க வகுப்புக்கு "முனை" போதும்.
4. பட்டகம்: ஒரே அளவுள்ள இரண்டு முகங்கள் எதிரெதிரே இணையாக இருக்க, மற்ற முகங்கள் செவ்வகங்களாக அவற்றைச் சேர்ப்பது. அரியம் என்றும் சொல்வதுண்டு.
5. பிரமிடு: ஒரு அடிமுகம், அதன் ஒவ்வொரு ஓரத்திலிருந்தும் எழுந்து ஒரே முனையில் கூடும் முக்கோணங்கள். கூம்பகம் என்பதும் இதுவே.
6. வலை: ஒரு கன வடிவத்தைச் சில விளிம்புகளில் மட்டும் வெட்டி, துண்டு துண்டாகப் பிரிந்துபோகாமல் தட்டையாக விரித்தால் கிடைக்கும் உருவம்.

"உருண்டை" என்ற சொல்லும் இப்படித்தான். பேச்சில் வட்டத்துக்கும் அதுவே, கோளத்துக்கும் அதுவே. தாளில் வரைய முடிவது வட்டம், உள்ளங்கையில் உருட்ட முடிவது கோளம் என்று செய்கையோடு பிரித்துக் காட்டினால் நிற்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரு பரிமாண வடிவம் என்று சொல்லி நாம் குழந்தையின் கையில் கொடுக்கும் பிளாஸ்டிக் முக்கோணமும் வட்டத் தகடும் உண்மையில் கன வடிவங்களே. ஒன்று மெல்லிய முக்கோணப் பட்டகம், மற்றது குட்டையான உருளை. தகட்டைத் தாளில் வைத்து ஓரமாகப் பென்சிலால் வரைந்தால் அடைபடும் இடமே வட்டம். இந்த வேறுபாட்டை ஆசிரியர் தெளிவாக வைத்திருந்தால், "இது வட்டமா உருளையா" என்று குழந்தை கேட்கும்போது தடுமாற வேண்டியதில்லை.

குழந்தையின் பார்வை வளரும் வரிசை

நெதர்லாந்தைச் சேர்ந்த பியர் வான் ஹீல, டீனா வான் ஹீல என்ற ஆசிரியத் தம்பதியர் 1957இல் தங்கள் ஆய்வேடுகளில் வடிவியல் சிந்தனையைப் படிநிலைகளாகப் பிரித்தார்கள். தொடக்க வகுப்புக்கு முதல் மூன்று படிகள் போதும். முதல் படியில் குழந்தை தோற்றத்தை முழுதாகப் பார்க்கிறது: "இது பெட்டி மாதிரி இருக்கிறது." இரண்டாம் படியில் பண்புகளைப் பிரித்துப் பார்க்கிறது: "இதற்கு 6 முகம், எல்லாமே சதுரம்." மூன்றாம் படியில் பண்புகளுக்கு இடையே தொடர்பு காண்கிறது: "கனச்சதுரமும் ஒரு கனச்செவ்வகம்தான், அதன் நீள அகல உயரங்கள் சமம், அவ்வளவுதான்." ஒரு படியிலிருந்து அடுத்ததற்குக் குழந்தையை ஏற்றுவது வயதைவிடப் பெரும்பாலும் அதற்குக் கிடைக்கும் அனுபவமே என்பது அவர்களின் முக்கியமான முடிவு.

கையில் வடிவத்தைக் கொடுத்துக் கற்பிக்கும் வழக்கம் அதற்கும் வெகு காலம் முந்தியது. 1837இல் ஜெர்மனியில் சிறுவர் பள்ளி தொடங்கிய ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல், மரக் கோளமும் கனச்சதுரமும் உருளையும் அடங்கிய ஒரு தொகுப்பைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். எட்டுச் சிறு கனச்சதுரங்களாகப் பிரியும் ஒரு பெரிய கனச்சதுரம் அடுத்த தொகுப்பு. அவர் அதற்கு முன் பெர்லினில் படிகங்களை வகைப்படுத்தும் வேலையில் இருந்தவர். படிகத்தின் முகத்தையும் விளிம்பையும் நாள்தோறும் கையில் எடுத்துப் பார்த்த பழக்கம் அந்த மரக்கட்டைகளில் தெரிகிறது.

செயல்பாடு 1: பைக்குள் கை

ஒளி ஊடுருவாத துணிப்பை ஒன்று, ஒரே பொருளில் செய்த 6 வடிவங்கள்: கனச்சதுரம், கனச்செவ்வகம், உருளை, கூம்பு, கோளம், சதுரப் பிரமிடு. ஒவ்வொன்றும் 5 முதல் 7 செ.மீ. வரை இருக்கட்டும்; அதைவிடப் பெரிதானால் சிறு கைக்குள் அடங்காது. குழந்தை பைக்குள் கையை விட்டு, பெயரைச் சொல்லாமல் தொடுவதை விவரிக்க வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

பையில் பகடை, பந்து போன்ற தெரிந்த பொருள்களைப் போட்டால் குழந்தை பொருளை அடையாளம் கண்டுவிடும், வடிவத்தைத் தேடாது. மரம், களிமண், அட்டை என்று கலந்து போட்டாலும் எடையும் வழவழப்பும் காட்டிக் கொடுத்துவிடும். எல்லாம் ஒரே பொருளில் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். "கூராக இருக்கிறது" என்ற பதிலோடு விட்டுவிடாமல், "கூர் எத்தனை இடத்தில்?" என்று கேளுங்கள். பண்பை எண்ணும் பழக்கம் அங்கே தொடங்குகிறது.

செயல்பாடு 2: முகத்தின் அச்சு

கேள்வி: இந்த வடிவத்தின் ஒவ்வொரு முகத்தையும் வண்ணத்தில் ஒற்றித் தாளில் பதித்தால் என்னென்ன உருவங்கள், எத்தனை கிடைக்கும்? முதலில் எழுதட்டும், பிறகு பதிக்கட்டும். முக்கோணப் பட்டகம் 2 முக்கோணங்களையும் 3 செவ்வகங்களையும் தரும். ஒரு முறை பதித்த முகத்தில் உடனே ஒரு எண்ணை எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் அதே முகத்தை மீண்டும் பதித்துவிட்டு 6 அச்சு என்று கணக்குச் சொல்வார்கள். வண்ணத்தை நேராகக் கிண்ணத்தில் தோய்த்தால் ஓரங்களில் வழிந்து உருவம் கெடும். நனைந்த பஞ்சுத்தட்டில் ஒற்றி எடுத்தால் கூராக விழும்.

உருளையை வரிசையில் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு தட்டைப் பகுதிகளும் வட்டம் தரும் என்று எல்லோரும் சொல்வார்கள். வளைந்த பகுதி என்ன தரும்? தொடங்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுச் சரியாக ஒரு சுற்று உருட்டினால், தாளில் செவ்வகம் விழும். பலருக்கு இது வியப்பாக இருக்கும். அந்தச் செவ்வகம் பின்னால் உருளை செய்யும்போது மீண்டும் தேவைப்படும். தாளைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

செயல்பாடு 3: ஸ்ட்ராவும் களிமண்ணும்

முகங்களை அச்சு காட்டிவிட்டது. விளிம்பையும் முனையையும் பிரித்துக் காட்ட எலும்புக்கூடு மாதிரிதான் சிறந்தது. ஸ்ட்ராத் துண்டு என்றால் விளிம்பு, களிமண் உருண்டை என்றால் முனை. குழந்தை தொடங்கும் முன்பே தனக்கு எத்தனை துண்டு, எத்தனை உருண்டை வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். கேட்டு வாங்கியது குறைந்தாலோ மிஞ்சினாலோ பாடம் அங்கேயே நடந்துவிடுகிறது.

நால்வர் கொண்ட ஒரு குழு மூன்று மாதிரிகள் செய்யத் தேவையானவை:

1. கனச்சதுரம்: 12 துண்டுகள், 8 உருண்டைகள்.
2. முக்கோணப் பட்டகம்: 9 துண்டுகள், 6 உருண்டைகள்.
3. சதுரப் பிரமிடு: 8 துண்டுகள், 5 உருண்டைகள்.

ஆக 29 துண்டுகள், 19 உருண்டைகள். துண்டின் நீளம் 8 செ.மீ. என்றால் 20 செ.மீ. ஸ்ட்ரா ஒன்றில் இரண்டு துண்டுகள் கிடைக்கும். 8 குழுக்களுக்கு 232 துண்டுகள், அதாவது 116 ஸ்ட்ராக்கள், 152 உருண்டைகள். உடைவதற்கும் நசுங்குவதற்கும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வைத்துக்கொள்வது உத்தமம்.

களிமண் உருண்டை 1.5 செ.மீ. குறுக்களவு இருந்தால் போதும். கைச்சூட்டில் இளகிய களிமண்ணில் ஸ்ட்ரா நிற்காமல் சரியும். உருட்டிய பின் சற்று ஆறவிட்டுப் பயன்படுத்தவும். மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டினால் ஸ்ட்ராவின் வாய் தட்டையாக நசுங்கிக் களிமண்ணில் இறங்காது. துண்டுகளின் நீளம் அரை செ.மீ. மாறினாலே கனச்சதுரம் கோணிவிடும். ஒன்றை அளந்து வெட்டி, மற்றவற்றை அதன் பக்கத்தில் வைத்து வெட்டுவது, ஒவ்வொன்றையும் தனித்தனியே அளப்பதைவிடத் துல்லியமாக வரும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் கனச்சதுரம் லேசாகத் தள்ளினால் சாயும். அது செய்தவரின் குற்றமல்ல. நான்கு கோல்களால் ஆன சட்டம் நீளம் மாறாமலே சாய்சதுரமாகச் சரியக்கூடியது. முக்கோணச் சட்டம் சரியாது. பிரமிடு மேசைமேல் உறுதியாக நிற்பதும் கனச்சதுரம் தள்ளாடுவதும் இதனாலேயே. ஒவ்வொரு சதுர முகத்திலும் குறுக்கே ஒரு மூலைவிட்டம் வைத்தால் மொத்தம் 6 துண்டுகளில் கனச்சதுரம் இறுகிவிடும். 8 செ.மீ. விளிம்புக்கு மூலைவிட்டம் சுமார் 11.3 செ.மீ. வேண்டும். மிச்சமிருக்கும் 8 செ.மீ. துண்டைக் குறுக்கே வைத்துப் பார்த்து, எட்டவில்லை என்று குழந்தை சொல்லும் இடம் கவனிக்கத்தக்கது. சதுரத்தின் மூலைவிட்டம் அதன் ஓரத்தைவிட நீளம் என்பதை அது தானாகவே கண்டுகொள்கிறது.

கனச்செவ்வகத்துக்கு மூன்று நீளங்களை மூன்று நிறங்களில் கொடுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் சரியாக 4 துண்டுகள் செலவாகும். 12 விளிம்புகளைத் தாறுமாறாக எண்ணித் தவறுபவர்களுக்கு மேலே 4, கீழே 4, நிற்பவை 4 என்று எண்ணும் வழி இதிலிருந்தே வந்துவிடும்.

எண்ணிக்கைகளுக்குள் ஒரு ஒழுங்கு

மாதிரிகள் கையில் இருக்கும்போதே எண்ணிக்கைகளைப் பலகையில் எழுதிவிடலாம். முகம், முனை, விளிம்பு என்ற வரிசையில் கனச்சதுரம் 6, 8, 12. முக்கோணப் பட்டகம் 5, 6, 9. சதுரப் பிரமிடு 5, 5, 8. முக்கோணப் பிரமிடு 4, 4, 6. முகங்களையும் முனைகளையும் கூட்டி விளிம்புகளைக் கழித்தால் ஒவ்வொன்றிலும் 2 வருகிறது. ஆய்லர் என்ற கணித அறிஞர் 1750இல் கண்ட உறவு இது. நான்காம், ஐந்தாம் வகுப்பில் சூத்திரமாகச் சொல்லித் தராமல், எண்ணியது சரியா என்று சோதிக்கும் கருவியாகக் கொடுத்தால் போதும். கூட்டிக் கழித்து 2 வரவில்லை என்றால் எங்கோ எண்ணியதில் பிழை. மாதிரியை எடுத்து மீண்டும் எண்ணு.

செயல்பாடு 4: பிரித்து விரித்தல், மடித்துச் சேர்த்தல்

இந்தப் பாடத்தில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய பகுதி இதுதான். கன வடிவத்துக்கும் தட்டை வடிவத்துக்கும் இடையே குழந்தை இரு திசையிலும் போய்வருவது இங்கே மட்டுமே நடக்கிறது.

மூடி இல்லாத பெட்டியிலிருந்து தொடங்குவது எளிது. ஐந்து சதுரங்களை ஓரத்தோடு ஓரம் ஒட்டி 12 வெவ்வேறு உருவங்கள் செய்யலாம். திருப்பியும் புரட்டியும் ஒன்றாக வருபவற்றை ஒன்றாகவே கொள்ள வேண்டும். அவற்றில் 8 உருவங்கள் மடித்தால் மூடியில்லாப் பெட்டியாகும். ஆறு சதுரங்களுக்குப் போனால் 35 உருவங்கள். அவற்றில் 11 மட்டுமே கனச்சதுரமாக மடியும். எவை மடியாது என்பதைக் குழந்தைகள் செய்து பார்த்தே இரண்டு விதிகளைச் சொல்லிவிடுவார்கள்:

1. ஒரே வரிசையில் 5 அல்லது 6 சதுரங்கள் இருந்தால் மடியாது. நான்கு சதுரங்களிலேயே வரிசை ஒரு சுற்று சுற்றிவிடும். ஐந்தாவது முதலாவதன் மேல் போய் உட்காரும்.
2. நான்கு சதுரங்கள் ஒரு புள்ளியைச் சுற்றி 2×2 கட்டமாக இருந்தால் மடியாது. கனச்சதுரத்தின் ஒரு முனையில் மூன்று முகங்களுக்கு மட்டுமே இடம் உண்டு.

இரண்டு விதிகளையும் தாண்டியும் மடியாத உருவங்கள் உண்டு. விதியோடு நிறுத்தாமல் வெட்டி மடித்துப் பார்க்க வைக்க வேண்டும். 11 வலைகளில் 4 சதுர வரிசை உள்ளவை 6, அதிகபட்சம் 3 சதுர வரிசை உள்ளவை 4, படிக்கட்டு போல இரண்டிரண்டாக இறங்குவது 1. இந்தக் கணக்கு ஆசிரியர் கையில் இருந்தால், குழுக்கள் கண்டுபிடித்தவற்றில் எது விடுபட்டது என்று உடனே தெரியும்.

எதிர்த்திசையில், ஆயத்தமான கனச்சதுரப் பெட்டியை வெட்டி விரிக்கும்போது ஒரு நல்ல கேள்வி இருக்கிறது: எத்தனை விளிம்புகளை வெட்ட வேண்டும்? ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதமாக வெட்டும், ஒவ்வொரு வலை வரும், ஆனால் வெட்டு எப்போதும் 7. ஆறு முகங்கள் ஒன்றோடொன்று தொங்கி நிற்க 5 இணைப்புகள் வேண்டும். 12இல் 5 போக மீதி 7. பொருள் அடைத்து வந்த பெட்டிகளைப் பயன்படுத்தினால் உள்ளே மடிந்திருக்கும் ஒட்டும் பட்டைகளையும் இரட்டை மூடிகளையும் முதலிலேயே வெட்டி நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பெட்டிக்கு 9 முகம் என்று கணக்கு வரும். பிரிப்பதற்கு முன்பாகவே முன்புறம், பின்புறம், மேல், கீழ், இடம், வலம் என்று முகங்களில் எழுதிவிட்டால், விரித்த பிறகு எதிரெதிர் முகங்கள் எங்கே போய் விழுந்தன என்று பார்க்கலாம். நேர் வரிசையில் அவை எப்போதும் ஒரு சதுரம் இடைவிட்டு இருக்கும்.

புதிதாக அட்டையில் செய்வதற்கு:

1. 200 முதல் 250 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) அட்டை எடுக்கவும். அதைவிட மெல்லியது தொய்யும். தடித்தது மடிப்பில் வெடிக்கும்.
2. 5 செ.மீ. சதுரங்களாக வலையை வரையவும். ஒரு சதுரத்தில் 2 மி.மீ. பிசகினால் நான்கு சதுர வரிசையில் அது 8 மி.மீ. ஆகிப் பெட்டி மூடாது. ஆகவே கட்டத்தாளில் வரைந்து அட்டையில் ஒட்டுவது சிறு வகுப்புக்குப் பாதுகாப்பு.
3. மடிக்க வேண்டிய கோடுகளில் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கீறவும். கீறாமல் மடித்தால் மடிப்பு கோட்டை விட்டு விலகும்; விளிம்பு உருண்டையாக நிற்கும்.
4. ஒட்டும் பட்டைகள் 1 செ.மீ. அகலம் இருக்கட்டும். இரு நுனிகளையும் 45 பாகையில் சரித்து வெட்ட வேண்டும். நேராக விட்டால் உள்ளே ஒன்றோடொன்று முட்டும்.
5. எல்லாவற்றையும் ஒரு முறை ஒட்டாமல் மடித்துப் பார்த்த பிறகே பசை.

எந்த ஓரத்தில் பட்டை வைப்பது என்பதில்தான் பெரியவர்களே தடுமாறுவார்கள். ஒரு எளிய வழி இருக்கிறது. கனச்சதுர வலையின் சுற்றுப்புறத்தில் எப்போதும் 14 சதுர ஓரங்கள் இருக்கும். ஏதாவது ஒன்றில் தொடங்கி, ஒன்று விட்டு ஒன்றாகப் பட்டை வைத்துக்கொண்டே வந்தால் 7 பட்டைகள் வரும். மடித்தால் ஒவ்வொரு பட்டையும் பட்டை இல்லாத ஓரத்தோடு சரியாகச் சேரும். 11 வலைகளில் எதற்கும் இது பொருந்தும். பட்டகம், பிரமிடு வலைகளுக்கும் பொருந்தும். நேர்கோட்டில் அடுத்தடுத்து வரும் இரண்டு சதுர ஓரங்களை ஒரே ஓரமாக எண்ணிவிடாமல் இருந்தால் போதும்.

வலைகளை அச்சில் முதலில் வெளியிட்டவர் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், 1525இல். உள்ளே குழிவில்லாத, தட்டை முகங்களால் ஆன எல்லாக் கன வடிவங்களையும், முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் இப்படி ஒரே துண்டாக விரிக்க முடியுமா என்பது இன்றும் தீராத கணக்கு. ஐந்தாம் வகுப்புக் குழந்தை அட்டையை வெட்டிக்கொண்டு கேட்கும் அதே கேள்விக்குக் கணித அறிஞர்களிடமும் விடை இல்லை என்பதை வகுப்பில் தாராளமாகச் சொல்லலாம்.

செயல்பாடு 5: உருளையும் கூம்பும் ஒரே வட்டத்தில்

வளைபரப்புள்ள வடிவங்களைச் செய்யும்போது அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதே பெரிய தொல்லை. 7 செ.மீ. விட்டத்தை எடுத்துக்கொண்டால் எல்லாம் முழு எண்ணில் அமையும், ஏனென்றால் அதன் சுற்றளவு கிட்டத்தட்ட 22 செ.மீ.

1. கவராயத்தை 3.5 செ.மீ. திறந்து இரண்டு வட்டங்கள் வரைந்து வெட்டவும். ஒன்று உருளைக்கு, ஒன்று கூம்புக்கு.
2. உருளைக்கு 23 × 7 செ.மீ. செவ்வகம். 22 போக மீதி 1 செ.மீ. ஒட்டுவதற்கு. உயரத்தில் 1 செ.மீ. பகுதியைச் சிறு பட்டைகளாகக் கீறி உள்ளே மடித்து அதன்மேல் அடிவட்டத்தை ஒட்டினால் உருளையின் உயரம் 6 செ.மீ. ஆகும்.
3. கூம்புக்கு 7 செ.மீ. ஆரமுள்ள அரைவட்டம். அதன் வளைந்த ஓரமும் 22 செ.மீ. நேர் ஓரத்தின் ஒரு பாதியில் மட்டும் 1 செ.மீ. பட்டை விட்டு வெட்டி, இரண்டு பாதிகளும் சேரும்படி சுருட்டி ஒட்டவும். அடியில் அந்த 3.5 செ.மீ. வட்டம் சரியாகப் பொருந்தும்.

வெட்டும் முன் ஊகம் கேளுங்கள். வட்டத்தைச் சுற்றிவரத் தேவையான தாள் எவ்வளவு நீளம்? 7 என்பவரும் 14 என்பவரும் இருப்பார்கள். விட்டத்தின் மூன்று மடங்குக்கும் சற்று அதிகம் என்று சுற்றிப் பார்த்தால்தான் நம்புவார்கள். கூம்புக்கு முக்கோணத்தை வெட்டிக்கொண்டு வருபவரைத் தடுக்க வேண்டாம். சுருட்டட்டும், அடி ஒரே மட்டமாக உட்காராமல் ஒரு புறம் தூக்கிக்கொண்டு நிற்கும். உச்சியிலிருந்து அடி ஓரம் எங்கும் ஒரே தூரம் இருக்க வேண்டும், அப்படி இருப்பது வட்டத்தின் துண்டில்தான் என்ற விளக்கம் அப்போது எடுபடும்.

இந்த அளவுகளில் கூம்பின் உயரம் சுமார் 6.06 செ.மீ.; உருளையோ 6 செ.மீ. அடியும் உயரமும் ஒன்றாகிவிட்டதால் அடுத்த கேள்வியும் ஆயத்தம்: கூம்பில் உலர்ந்த மணலை நிரப்பிக் கொட்டினால் எத்தனை முறையில் உருளை நிறையும்? இரண்டு என்பதே பெரும்பாலும் வரும் ஊகம். மூன்று என்பது விடை. இதற்குக் கூம்பின் அடிவட்டத்தை ஒட்டாமல் விட வேண்டும், உச்சியில் ஓட்டை இருந்தால் நாடா ஒட்டி அடைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் மணலை ஸ்கேலால் மட்டம் தட்ட வேண்டும். குவித்து அளந்தால் இரண்டேகால் முறையில் நிறைந்துவிட்டது என்று தகராறு வரும்.

மிச்ச நேரம் இருந்தால் கூம்பை மேசையில் படுக்கவைத்து உருட்டுங்கள். அது நேராக ஓடாது. தன் உச்சியைச் சுற்றியே வட்டமிடும். இந்தக் கூம்பு தொடங்கிய இடத்துக்கே வர இரண்டு முறை புரள வேண்டும்.

ஒரே அளவுள்ள இரண்டு ஏ4 தாள்களை, ஒன்றை நீளவாக்கிலும் மற்றதை அகலவாக்கிலும் சுருட்டி இரண்டு குழாய்கள் செய்வதும் இதன் தொடர்ச்சியே. தாள் ஒன்றுதான், ஆகவே கொள்ளளவும் ஒன்றுதான் என்று வகுப்பு ஒரே குரலில் சொல்லும். நெட்டைக் குழாயைக் குட்டைக் குழாய்க்குள் நிறுத்தி, அதை மணலால் நிரப்பி, மெல்ல மேலே உருவி எடுங்கள். குட்டையின் 21 செ.மீ. உயரத்தில் மணல் சுமார் 15 செ.மீ. வரைதான் நிற்கும்.

செயல்பாடு 6: கட்டைகளை அடுக்கி எண்ணுதல்

ஒரே அளவுள்ள சிறு கனச்சதுரக் கட்டைகளால் அடுக்கிய குவியலின் படத்தைக் காட்டி எத்தனை கட்டைகள் என்று கேட்டால், பல குழந்தைகள் படத்தில் தெரியும் சதுரங்களை எண்ணுவார்கள். மூலையில் உள்ள கட்டை மூன்று முறை எண்ணப்படும். உள்ளே மறைந்தது எண்ணப்படவே மாட்டாது. இதைக் கண்டுபிடிக்க நினைக்கும் ஆசிரியர் 3×3×3 குவியலைச் சோதனைக்கு எடுக்கக் கூடாது. அதில் தெரியும் சதுரங்கள் 27, உண்மையான கட்டைகளும் 27. தவறான வழியில் எண்ணிய குழந்தையும் சரியான விடை சொல்லிவிடும். 2×2×2 எடுங்கள்: சதுரங்கள் 12, கட்டைகள் 8. அல்லது 2×3×4: சதுரங்கள் 26, கட்டைகள் 24.

திருத்தும் வழி, அடுக்கு அடுக்காகக் கட்டுவது. முதல் தளத்தைக் கட்டி எண்ணி, அதே தளத்தை மேலே மேலே வைக்கச் சொன்னால் பெருக்கல் தானாக வரும். பிறகு 24 கட்டைகளைக் கொடுத்து, இடைவெளி இல்லாத எத்தனை விதமான பெட்டி அடுக்கலாம் என்று கேளுங்கள். 6 விதம்: 1×1×24, 1×2×12, 1×3×8, 1×4×6, 2×2×6, 2×3×4. எல்லாவற்றிலும் கட்டை 24தான். ஆனால் கையில் எடுத்து எல்லாப் புறமும் எண்ணினால் வெளிப்புறச் சதுரங்கள் நீளமானதில் 98, கச்சிதமானதில் 52. கன அளவும் வெளிப்பரப்பும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

நூலால் வெட்டிப் பார்ப்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். களிமண் உருளையை இறுக்கிப் பிடித்த நூலால் குறுக்கே வெட்டினால் வட்டம், நெடுக்கே வெட்டினால் செவ்வகம், சரிவாக வெட்டினால் நீள்வட்டம். கனச்சதுரத்தின் ஒரு முனையைச் சீவினால் முக்கோணம். கத்தி களிமண்ணை நசுக்கி உருவத்தைக் கெடுக்கும், நூல் கெடுக்காது.

உருளைக்கு எத்தனை முகம்?

பெற்றோரும் ஆசிரியரும் அதிகம் முட்டிக்கொள்ளும் இடம் இது. ஒரு புத்தகம் 3 என்கிறது, இன்னொன்று 2 என்கிறது. இரண்டும் தவறல்ல, வரையறை வேறு. முகம் என்றால் தட்டையாக இருக்க வேண்டும் என்று கொண்டால் உருளைக்கு 2 முகங்களும் ஒரு வளைபரப்பும். வளைந்த பரப்பையும் முகமாகக் கொண்டால் 3. விளிம்பு நேர்கோடாக இருக்க வேண்டும் என்றால் உருளைக்கு விளிம்பே இல்லை. வளைந்த ஓரத்தையும் சேர்த்தால் 2. கூம்பின் கூர்நுனியை முனை என்பதா என்பதிலும் இதே பிரிவு: விளிம்புகள் கூடும் இடமே முனை என்றால் கூம்புக்கு முனை கிடையாது.

தொடக்க வகுப்புக்குச் சிறந்தது, எண்ணிக்கையைக் கேட்காமல் விவரிக்கச் சொல்வது: "உருளைக்கு இரண்டு தட்டையான வட்ட முகங்கள், ஒரு வளைபரப்பு." இப்படிச் சொல்லும் குழந்தை எந்தப் புத்தகத்தின் கேள்விக்கும் விடையளிக்கும். எண்ணிக்கை கேட்டே ஆக வேண்டும் என்றால், அந்த வகுப்பின் பாடநூல் எந்த வரையறையைப் பின்பற்றுகிறதோ அதையே பிசகாமல் பின்பற்றுங்கள். மேலே சொன்ன கூட்டிக் கழிக்கும் சோதனையை வளைந்த வடிவங்களுக்குப் போட்டுக் குழப்ப வேண்டாம். அது தட்டை முகங்களால் ஆன வடிவங்களுக்கு உரியது.

40 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது, எதைக் கேட்டுச் சோதிப்பது

ஒரு வகுப்புக்கு ஒரு செயல்பாடு, ஒரு கேள்வி. முதல் 5 நிமிடம் ஊகம். அதைப் பென்சிலால் எழுதி வைக்க வேண்டும், அழிக்கக் கூடாது. 20 நிமிடம் செய்தல். 10 நிமிடம் குழுக்கள் தங்கள் விடையையும் ஊகத்தையும் ஒப்பிட்டுச் சொல்லுதல். கடைசி 5 நிமிடம் பொருள்களை எடுத்து வைக்க. இரண்டு செயல்பாடுகளை ஒரே வகுப்பில் திணித்தால் வெட்டுவதிலும் ஒட்டுவதிலுமே நேரம் போய், பேசுவதற்கு நேரம் இருக்காது. வெட்டும் வேலையை முந்தைய நாளே முடித்துவைப்பது ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குக் கட்டாயம்.

பெயரையும் எண்ணிக்கையையும் கேட்கும் தேர்வில் மனப்பாடம் செய்தவரும் தேறிவிடுவார். புரிந்ததா என்று அறிய வேறு வகைக் கேள்விகள் வேண்டும்:

1. முக்கோணப் பட்டகத்தைச் செவ்வக முகத்தில் படுக்கவைத்து, இது பட்டகம்தானா, ஏன் என்று கேட்பது. தரையில் படுவதே அடிமுகம் என்று நினைக்கும் குழந்தை இங்கே தடுமாறும்.
2. பகடையின் எதிர்முகங்களைக் கூட்டினால் 7 வரும். மூன்று எண்கள் மட்டும் எழுதிய வலையைக் கொடுத்து, மற்ற மூன்றை மடிக்காமல் நிரப்பச் சொல்வது. 1, 2, 3 என்று கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் எதிர்முகத்தைத் தேடியே ஆக வேண்டும்.
3. "9 ஸ்ட்ராத் துண்டுகளும் 6 உருண்டைகளும் இருக்கின்றன, எல்லாவற்றையும் பயன்படுத்தி ஒரு கன வடிவம் செய்ய வேண்டும், என்ன வடிவம்?"
4. மடியாத ஒரு வலையைக் கொடுத்து, ஒரே ஒரு சதுரத்தை இடம் மாற்றி மடியச் செய்யச் சொல்வது.

நான்காவது கேள்விக்கு விடை பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும். தாள், கத்தரிக்கோல், நாடா மூன்றையும் பக்கத்தில் வைத்துவிட்டு, எழுதச் சொல்லாமல் வெட்டி ஒட்டவே சொல்லுங்கள். மடித்துப் பார்த்ததும் இரண்டு சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, எதிர்ப்புறம் ஒரு முகம் திறந்து கிடந்தால், எந்தச் சதுரத்தை எங்கே நகர்த்த வேண்டும் என்று அந்தத் தாளே குழந்தைக்குச் சொல்லிவிடும்.